ஆறு சென்ரிமீற்றர்

லாச்சப்பல், பரிஸ்
11 மே 2013

திரு. சந்துரு அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் தம்பியையும் தெரியாது. ஆனால் அவனைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வால்சேர் பனி ஹொக்கிக் கழகம் அவனுக்கு அனுப்பிய ஒப்பந்தத்தோடு உங்கள் அறிக்கையும் அதே உறைக்குள் வந்துவிட்டது. யாரோ அவசரத்தில் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயரும் லியோன் அலுவலக விலாசமும் இருந்தன. பெயரைப் பார்த்துத்தான் தமிழில் எழுதுகிறேன். பிரெஞ்சில் எழுதினால் மரியாதையாக எழுத வேண்டி வரும்.

உங்கள் வரிகளையே தமிழில் தருகிறேன். "யதுர்ஷன் யோகநாதன். கோல் காப்பாளர். வயது 19. உயரம் 175. உடல் வளர்ச்சி முடிந்தது. வயதுக்கேற்ற பலம் இல்லை. முதல் தர ஆட்டத்துக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. பயிற்சிக்குப் பயன்படுத்தலாம்."

பயன்படுத்தலாம். வாளி, தும்புத்தடி மாதிரி.

கழகமும் அப்படியே செய்யப் பார்க்கிறது. மூன்று வருட ஒப்பந்தம். மூன்றாம் காப்பாளர். அதாவது மற்றவர்கள் அடித்துப் பழகுவதற்கு அவன் கோலில் நிற்க வேண்டும், போட்டி நாளில் ஓரத்து வாங்கில் குந்தியிருக்க வேண்டும். ஏழாம் பிரிவின்படி ஒவ்வொரு பருவ முடிவிலும் கழகம் அவனை வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் அந்த மூன்று வருடமும் அவன் வேறு எந்தக் கழகத்துக்கும் போகக் கூடாது. யூன் 15க்குள் கையெழுத்து வைக்க வேண்டுமாம். அவன் அறிக்கையை வாசிக்கவில்லை, நான் ஒளித்துவிட்டேன். ஒப்பந்தத்தைப் பார்த்து வீட்டுக்குள் துள்ளிக்கொண்டு திரிகிறான்.

எனக்கு இருபத்து மூன்று வயது. பகலில் இங்கே ஒரு மரக்கறிக் கடையில் காசாளர். பன்னிரண்டு வயதிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் நான்தான் வாசிக்கிறேன். வீட்டு வாடகை, வேலை, விசா, வைத்தியம், எல்லாவற்றிலும் எங்கள் சனத்தை முகம் பார்க்காத யாரோ ஒருவர் ஒரு தாளில் முடித்துவிடுகிறார். இந்த முறை அந்த ஆள் ஒரு தமிழர். அதுதான் வித்தியாசம்.

அவன் ஆடி ஒரு நாளாவது நேரில் பார்த்தீர்களா?

பதில் எழுதுவதாக இருந்தால் கடை விலாசத்துக்கு எழுதுங்கள். வீட்டுக்கு வேண்டாம்.

துஷாந்தி யோகநாதன்

•

லியோன்
17 மே 2013

துஷாந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை ஆபீஸில் எல்லோர் முன்னாலும் பிரித்துவிட்டேன். தமிழில் இருந்ததால் தப்பித்தேன்.

கேட்டதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. யாரையுமே பார்ப்பதில்லை. கழகங்கள் வீடியோ அனுப்பும், நாங்கள் எண்ணிக் கணக்குப் போடுவோம். என் ஊர் விருதுநகர். ஐஸ் என்றால் எங்களுக்கு சர்பத் கடையில் உடைப்பது. இந்த நாட்டுக்குப் படிக்க வந்து, கணக்குத் தெரிந்ததால் இந்த வேலையில் சேர்ந்தேன். நானும் வேலைக்கான விசாவில்தான் இருக்கிறேன்.

உங்கள் தம்பியின் பதினோரு மேட்ச் பார்த்தேன். கோலை நோக்கி 312 அடி வந்தது, 279 தடுத்திருக்கிறார். நூற்றுக்கு 89. அந்த மட்டத்தில் ஆடும் பத்தொன்பது வயதுக் காப்பாளர்களின் சராசரி 91. கோல் காப்பாளர்கள் மற்ற ஆட்டக்காரர்களைவிடத் தாமதமாகத்தான் முதிர்வார்கள். அதனால் இன்று எத்தனை தடுத்தார் என்பதைவிட, எந்த வயதில் தடுத்தார் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். பத்தொன்பதில் 89 என்றால் நான் எழுதியதுதான் சரி. அவர் தமிழர் என்பதற்காக ஒரு மார்க் கூட்டிப் போட்டிருந்தால், என் இடத்தில் இருக்கும் பிரெஞ்சுக்காரன் தன் ஆளுக்குக் கூட்டிப் போடுவதை நீங்கள் திட்ட முடியாது.

"பயன்படுத்தலாம்" என்று எழுதியது தவறு. அது ரிப்போர்ட்டில் வழக்கமாகப் போடும் வார்த்தை. இதுவரை அது காதில் விழுந்ததில்லை.

ஏழாம் பிரிவு மோசமானது. நான் சொன்னதாக வெளியில் வேண்டாம். ஆனால் அப்படியே கையெழுத்துப் போட விடாதீர்கள்.

இன்னொரு விஷயம். உங்கள் கடிதம் வந்த பிறகு ஃபைலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 2012 ஜனவரியில் அவர் உயரம் 169 என்று மருத்துவ அட்டையில் இருக்கிறது. இந்த பிப்ரவரியில் 175. பதினெட்டு வயதை ஒட்டி ஒருவர் ஒரே வருடத்தில் ஆறு சென்டிமீட்டர் வளர்வது வழக்கமில்லை. அளந்தவர் தப்பாக அளந்திருப்பார் என்று முதல் எண்ணை நீக்கிவிட்டுத்தான் நான் கணக்குப் போட்டேன். அது நியாயமான முடிவுதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அவருக்கு ஏதாவது உடல்நலக் குறை இருந்து, பிறகு சரியானதா?

சந்துரு சீத்தாராமன்

•

லாச்சப்பல்
22 மே 2013

சந்துரு அவர்களுக்கு,

இதற்கு முன் மூன்று தாள் கிழித்தேன். வாசித்ததும் எரித்துவிடுங்கள். உண்மையாகவே எரியுங்கள்.

அவனுக்கு ஒரு நோயும் வருத்தமும் இல்லை. அளந்தவர் சரியாகத்தான் அளந்தார். அவனுக்குப் பதினேழு வயது.

அப்பா முதலில் வந்துவிட்டார். 2001இல் அம்மாவும் நானும் தம்பியும் ஏஜென்சிக்காரன் மூலம் வந்தோம். எனக்குப் பதினொன்று, தம்பிக்கு ஐந்து. அம்மாவின் கடவுச்சீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் இடம். தம்பியை வேறொரு குடும்பத்தின் மகனாக ஏற்றினார்கள். அந்தப் பெடியன் தம்பியைவிட இரண்டு வயது மூத்தவன். "பொலிஸ் கேட்டால் பிள்ளை இந்தத் திகதியைத்தான் சொல்லோணும். மாறிச் சொன்னால் எல்லாரையும் ஒரே பிளேனிலை திருப்பி ஏத்துவாங்கள்" என்று ஏஜென்சிக்காரன் வெருட்டினான். பத்து நாள் ஒரு அறைக்குள் இருந்தோம். அம்மா சோறு தீத்தும்போதெல்லாம் திகதியைச் சொல்ல வைத்தா. மூன்று, பங்குனி, தொண்ணூற்று நாலு. சொன்னால்தான் அடுத்த வாய்.

விமான நிலையத்தில் ஒருவரும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இங்கே அகதி விண்ணப்பத்துக்குப் போனோம். அங்கே இருந்த மொழிபெயர்ப்பாளர் அன்பான மனிசன். தம்பியின் கன்னத்தைத் தட்டி, "குட்டித் தம்பிக்கு எப்ப பிறந்தநாள்?" என்று பகிடியாகக் கேட்டார். அம்மா வாய் திறக்க முதல் அவன் முழுத் திகதியையும் ஒப்புவித்துவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். கெட்டிக்காரன் என்று அவர் சொக்லேற் கொடுத்தார். விண்ணப்பம் பதிந்த அம்மணி அதை அப்படியே எழுதிவிட்டா. திருத்தச் சொன்னால் மற்றதெல்லாம் பொய் என்று நினைப்பார்கள் என்று அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அதுதான் அவன் பிறந்தநாள். வீட்டில் கேக்கும் அன்றைக்குத்தான் வெட்டுகிறோம்.

ஐந்து வயதுப் பிள்ளையை ஏழு வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் இருத்தினார்கள். வாசிக்கப் பிந்தினான், மந்தம் என்றார்கள். ஒரு வகுப்பை இரண்டு தரம் படித்தான். வரிசையில் எப்போதும் முதலில் நிற்கும் குட்டையன். பள்ளிக்கூடத்தில் பனித்தளத்துக்கு இலவச ரிக்கற் கொடுத்தபோது, வேகமாக ஓட ஏலாதவன் என்று பயிற்சியாளர் ஜெனவியேவ் அவனைக் கோலில் நிறுத்தினா. அங்கேதான் அவன் முதன்முதலாக எதிலாவது நல்லவன் என்று பெயர் எடுத்தான்.

யதுவுக்கு இது தெரியாது. தனக்குப் பத்தொன்பது என்றுதான் நம்புகிறான். தான் கட்டையன், தான் மந்தம் என்றும் நம்புகிறான். உங்களைத் திட்டி எழுதினேன். உங்கள் தாளில் பிழையை எழுதியது நாங்கள்தான்.

துஷாந்தி

•

லியோன்
27 மே 2013

துஷாந்திக்கு,

எரித்துவிட்டேன். பாத்ரூமில் எரித்து, புகை அலாரம் அடித்து, கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். சிகரெட் என்று பொய் சொன்னேன்.

இந்தத் தொழிலில் வயதைக் குறைத்துக் காட்டி ஏமாற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டிக் காட்டி நஷ்டப்பட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, வயது என்ற ஒரே ஒரு கட்டத்தில் 19ஐ 17 ஆக்கி மறுபடி கணக்குப் போட்டேன். என்னிடம் நாற்பத்தோரு பதினேழு வயதுக் காப்பாளர்களின் பதிவு இருக்கிறது. அதில் உங்கள் தம்பி மூன்றாவது. அவர் மேல் வந்த அடிகள் எல்லாமே தன்னைவிடப் பெரியவர்கள் அடித்தவை. அதையும் சேர்த்தால் இரண்டாவதாகக்கூட இருக்கலாம், உறுதியாகச் சொல்ல மாட்டேன். வீடியோக்களையும் திரும்ப ஓட்டினேன். முன்பு "பலமில்லை" என்று நான் குறித்த இடங்களில் எல்லாம் அவர் சரியான இடத்தில்தான் நிற்கிறார், கால்தான் இன்னும் எட்டவில்லை. கால் இனி வளரும். சரியான இடத்தில் நிற்பதைச் சொல்லிக்கொடுத்து வரவைப்பது கஷ்டம்.

ஆனால் இதை எப்படிக் கழகத்துக்கு எழுதுவது? காரணம் கேட்பார்கள். ஒரு யோசனை. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு இன்னும் வளர்கிறதா என்று தெரியும். விளையாட்டு டாக்டர்கள் சாதாரணமாகச் செய்வதுதான். அதைக் காட்டினால் நாம் எதுவும் சொல்லாமலே விஷயம் புரிந்துவிடும்.

சந்துரு

•

லாச்சப்பல்
1 யூன் 2013

சந்துரு அவர்களுக்கு,

எக்ஸ்ரேயா?

உங்களுக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் கடைக்கு முன்னால் போன மாரிக் குளிரில் ஒரு பெடியன் படுத்திருந்தான். தனியாக வந்தவன். பதினாறு வயது என்றான். மணிக்கட்டைப் படம் பிடித்து, எலும்பு பதினெட்டைத் தாண்டிவிட்டது என்று சொல்லி, பிள்ளைகள் விடுதியிலிருந்து வெளியே விட்டார்கள். மரக்கறிப் பெட்டி மட்டையை விரித்துப் படுத்தான். எங்கள் வாயை நம்பாதவர்கள்தான் எங்கள் எலும்பைக் கேட்பார்கள். என் தம்பியின் கையை எந்த இயந்திரத்துக்குக் கீழும் வைக்க விடமாட்டேன். அதுவும் அந்தப் படம் யாருடைய கோப்புக்குப் போகும் என்று யார் கண்டது?

இந்தக் கிழமை நான் ஒரு வேலை செய்தேன். அவனிடம் சொல்லிவிட்டேன்.

அப்பா உணவகச் சமையலறையில் வேலை முடித்து வந்திருந்தார். முதலில் அவரிடம் கேட்டேன். "பன்ரெண்டு வருசமா மூடி வைச்ச வாயை இப்ப ஏன் திறக்கிறாய்? ஒரு விளையாட்டுக்காகவோ?" என்றார். "விளையாட்டு இல்லை அப்பா, அவன்ரை வயசு" என்றேன். "பேப்பர் பறிபோனா அவன் எங்கை நிண்டு விளையாடுறது?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனார். அவர் கேட்டதில் பிழையில்லை. அம்மா மட்டும், "சொல்லு பிள்ளை. எனக்குச் சொல்ல வாய் வராது" என்றா.

பனித்தளத்துக்குப் போய், அவன் கால் கவசங்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சொன்னேன். உங்கள் அறிக்கையையும் கொடுத்தேன். வாசித்தான். நாங்கள் தமிழில் கேட்டால் அவன் பிரெஞ்சில்தான் பதில் சொல்லுவான். தாளை நாலாக மடித்தான். பிறகு, "அப்போ அந்த வகுப்பில் எனக்கு ஐந்து வயதா?" என்று கேட்டான். ஓம் என்றேன். "ஐந்து வயதில் பெருக்கல் கேட்டார்களா?" என்று மறுபடி கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். சிரித்து முடிய அழுதான். என் மேல் கோபமா என்று கேட்டேன். "ஓம், பன்னிரண்டு கேக் பிழையான நாளில் வெட்டினீர்கள்" என்றான். இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. ஆனால் காலையில் கதவு நிலையில் முதுகை வைத்துத் தன் உயரத்தை அளந்து பார்ப்பதைக் கண்டேன்.

நேற்று வந்து சொன்னான்: போக விருப்பம், ஆனால் மூன்று வருடம் வாங்கில் இருக்கப் போகமாட்டானாம். பொய்யும் சொல்லமாட்டானாம், ஒருவர் கேட்டாலொழிய உண்மையும் சொல்லமாட்டானாம். இதற்குள் நீங்கள் என்ன செய்யலாம் என்று பாருங்கள். இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது.

சென் தெனியில் ஒரு பெண் வக்கீலிடம் போனேன். பேர் சொல்லாமல், தெரிந்த ஒருவரின் கதை என்றுதான் தொடங்கினேன். அவ பேனையை வைத்துவிட்டு, "அந்தத் தெரிந்தவர் ஊரில் எடுத்த பிறப்புச் சான்றிதழை வைத்திருக்கிறாரா?" என்று கேட்டா. வைத்திருக்கிறோம். அப்படியென்றால் பிறந்த திகதியைத் திருத்த வழக்குப் போடலாம், வருடக்கணக்கில் இழுபடும், ஐந்து வயதில் சொன்னதற்கு அவனைக் குற்றம் சொல்லுவது கஷ்டம், பெற்றோர் பக்கத்தைத்தான் கவனமாக எழுத வேண்டும் என்றா. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

துஷாந்தி

•

லியோன்
6 ஜூன் 2013

துஷாந்திக்கு,

எக்ஸ்ரே பற்றி எழுதியதற்கு மன்னியுங்கள். எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது.

நேற்றுக் கழகத்துக்கு ஒரு பக்கம் அனுப்பினேன். நகல் இதோடு இருக்கிறது. வயதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உள்ளதை மட்டும் எழுதினேன்: மருத்துவ அட்டையில் இருந்த ஓர் எண்ணை நான் நீக்கியது என் தவறு. இந்த ஆட்டக்காரர் ஒரு வருடத்தில் ஆறு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறார், இன்னும் வளர்கிறார். ஆகவே "வளர்ச்சி முடிந்தது" என்பதையும், எதிர்காலம் பற்றி நான் போட்ட தரத்தையும் திரும்பப் பெறுகிறேன். இவரை ஆடவைக்காமல் மூன்று வருடம் கட்டிவைப்பது இரு தரப்புக்கும் நஷ்டம்.

என் மேலாளர் கூப்பிட்டார். எங்கள் கம்பெனி தன் ரிப்போர்ட்டைத் தானே திருத்துவது இதுதான் முதல் தடவையாம். "இவன் உங்கள் சொந்தக்காரனா?" என்று கேட்டார். இல்லை, மூல அட்டையைப் பாருங்கள் என்று மேசையில் வைத்தேன். பார்த்தார். இனி நான் நீக்கும் எண்களை எல்லாம் அவரிடம் காட்டிவிட்டு நீக்க வேண்டுமாம். வேலை இருக்கிறது, விசாவும் இருக்கிறது. மூன்று இரவு தூங்கவில்லை என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

அவர்கள் கூப்பிட்டால் இதைக் கேளுங்கள்: ஒரு வருடம் மட்டும். இரண்டாம் அணியிலாவது குறைந்தது பதினைந்து மேட்ச். வருட முடிவில் இரு பக்கமும் விலகும் உரிமை. ஒப்பந்தத்தில் எழுதாத எதையும், எவ்வளவு சிரித்துக்கொண்டு சொன்னாலும், நம்ப வேண்டாம்.

உறுதியாக வருவான் என்று நான் சொல்ல மாட்டேன். இவரைப் போல முன்வரிசையில் இருந்தவர்களில் பாதிப் பேர் இருபத்திரண்டில் ஆட்டத்தை விட்டிருக்கிறார்கள். ஆனால் இவர் எங்கே நிற்கிறார் என்பதாவது இப்போது சரியாகத் தெரியும்.

சந்துரு

•

லாச்சப்பல்
17 யூன் 2013

சந்துரு அண்ணை,

கேட்காமலே அண்ணை போட்டுவிட்டேன். பிடிக்காவிட்டால் அடுத்த கடிதத்தில் சொல்லுங்கோ.

பத்தாம் திகதி கழகச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். யது கடைக்குள் வந்து, வெங்காய மூட்டைக்கு மேல் இருந்துகொண்டு தானே கதைத்தான். நான் பக்கத்தில் நின்று விரலால் ஒன்று, பதினைந்து, இரண்டு என்று காட்டிக்கொண்டிருந்தேன். கறிவேப்பிலை வாங்க வந்த ஒரு மாமி, "என்ன தங்கச்சி, தம்பிக்குக் கலியாணம் பேசுறியளோ? இவ்வளவு கண்டிப்பாய் கேக்கிறியள்!" என்றா. செயலாளர் முதலில் மாட்டேன் என்றார். ஜெனவியேவ் வேறொரு கழகத்துக்கும் வீடியோ அனுப்பியிருக்கிறா என்று யது சொன்னான். அது உண்மை. அடுத்த நாள் திரும்பக் கூப்பிட்டு, பதினைந்து முடியாது, பன்னிரண்டு ஆட்டம் என்றார். யது என்னைப் பார்க்காமலே சரி என்றான். மற்ற இரண்டும் நாங்கள் கேட்டபடி.

வக்கீல் விசயத்தை அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டா. அப்பா ஒரு கிழமை எங்கள் யாரோடும் கதைக்கவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், படுத்தார். வெள்ளிக்கிழமை வால்சேருக்குப் போய் ஒப்பமிட வேண்டியிருந்தது. நானும் யதுவும்தான் போவதாக இருந்தோம். காலையில் வீட்டிலிருந்து லெ பிளாங்-மெனில் நிலையத்துக்கு நடக்க வெளிக்கிட, அப்பா உடுத்து நின்றார். முதலாளியிடம் லீவு கேட்டிருக்கிறார். ஒன்பது வருடத்தில் முதல் லீவு. ரயிலில் ஐந்து மணித்தியாலம் யன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கழகக் கந்தோர் பனித்தளத்துக்கு மேல் மாடியில் இருந்தது. செயலாளர் நல்ல மனிசன்தான். கோப்பி தந்தார். நான் ஒவ்வொரு பிரிவாக வாசித்தேன். இரண்டு இடத்தில் எழுத்து வேறாக இருந்தது, திருத்தி அச்சிட்டார்கள். யது கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைத்தான்.

வைத்துவிட்டுப் பேனையை அப்பாவின் பக்கம் நீட்டினான். தமிழில் சொன்னான். "அப்பா, நீங்களும் போடுங்கோ."

செயலாளருக்கு அது விளங்கவில்லை. தம்பியின் அடையாள அட்டையைக் காட்டி, "இவர் பத்தொன்பது வயதுக்காரர், ஐயா. தகப்பன் கையெழுத்துத் தேவையில்லை, இவர் வைத்ததே போதும்" என்று விளக்கினார். அப்பா பேனையை வாங்கவில்லை. யதுவைப் பார்த்தார். யது நீட்டிய கையை மடக்காமல் நின்றான்.

அப்பாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சு. கோப்பை, அடுப்பு, கெதியாய், முடிஞ்சுது. அந்தப் பிரெஞ்சிலேயே சொன்னார். "இவன் சின்னவன். நான் தகப்பன். நான் போடோணும்."

பேனையை வாங்கினார். யதுவின் கையெழுத்துக்குக் கீழே தமிழில், எழுத்துக் கூட்டி, தன் முழுப் பெயரையும் எழுதினார். பக்கத்தில் "தகப்பன்" என்றும் எழுதினார். சட்டப்படி அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒரு பிரெஞ்சுத் தாளில் அவனுடைய உண்மையான வயதைப் பற்றி அப்பா எழுதிய ஒரே சொல் அதுதான்.

செயலாளர் தாளைத் திருப்பிப் பார்த்தார். இது என்ன எழுத்து என்று யதுவிடம் கேட்டார். யது சொன்னான். அவர் தோளைக் குலுக்கி, முத்திரையை மையில் அழுத்தி, இரண்டு கையெழுத்துக்கும் மேலாகச் சேர்த்து ஒரே குத்தாகக் குத்தினார்.

திரும்பி வரும்போது ரயிலில் அப்பாதான் கதைத்தார். சென் தெனி வக்கீல் எத்தனை மணிக்குக் கந்தோர் திறப்பா என்று கேட்டார்.

துஷாந்தி